காயமும் சொல்லும்

ஓர் அநீதியை உலகம் நம்பவேண்டுமானால் அதற்கு ஆளானவன் தன் காயத்தைத் திறந்து காட்டியாக வேண்டும் என்ற நிபந்தனையை யார் விதித்தார்கள் என்னும் கேள்வி நெடுநாட்களாக என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்கள் சம உரிமைக்காக நடத்திய போராட்டத்தை நினைக்கத் தொடங்கிய மாத்திரத்தில், வாசித்த புத்தகங்களுக்கு முன்பாகப் பார்த்த படங்களே மனத்தில் எழுகின்றன: பர்மிங்ஹாம் வீதியில் ஓர் இளைஞனின் வயிற்றை நோக்கிப் பாயும் போலீஸ் நாய், தீயணைப்புக் குழாயின் நீர்வேகத்தில் சுவரோடு ஒடுங்கி முதுகைக் காட்டி நிற்கும் சிறுவர்கள், செல்மா நகரத்துப் பாலத்தைக் கடந்த மாத்திரத்தில் கண்ணீர்ப்புகைக்கு நடுவே தடியடிபட்டுத் தரையில் சாயும் மனிதர்கள். இந்தப் படங்கள் ஒரு தேசத்தின் மனச்சாட்சியை உலுக்கின என்று சரித்திரகாரர்கள் எழுதுகிறார்கள். அது உண்மையென்றே நானும் நினைக்கிறேன். ஆயினும் அந்த உண்மைக்குள்ளேயே ஒரு சங்கடம் இருக்கிறது. நாய் பாய்வதற்கு முன்பும் அந்த மக்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். மனுக் கொடுத்தார்கள், வழக்காடினார்கள், தேவாலயங்களில் மன்றாடினார்கள், தங்களுக்கென்று பத்திரிகைகள் நடத்தினார்கள். தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த ஒன்றை ஒரு கணநேரப் படம் வந்துதான் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது என்றால், அத்தனை காலமும் சொன்ன அந்த வாய்களைக் கேட்டவர்கள் என்னவென்று நினைத்திருந்தார்கள்?

இந்த எண்ணம் எந்தத் திசையில் போனாலும் 1955-ஆம் ஆண்டின் ஒரு சவப்பேழையண்டை வந்து நின்றுவிடுகிறது. சிகாகோவிலிருந்து மிஸ்ஸிஸிப்பியிலுள்ள உறவினர் வீட்டுக்குக் கோடை விடுமுறைக்குப் போயிருந்த எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுப் பையனை, கடையிலிருந்த வெள்ளைப் பெண்ணொருத்தியிடம் அவன் வரம்பு மீறி நடந்துகொண்டான் என்ற பேச்சை முன்னிட்டு, ஆகஸ்டு 28-ஆம் தேதி பின்னிரவில் அவளுடைய கணவனும் அவனோடு ஒரு தாய் வயிற்றில் பிறந்த சகோதரனும் வீடு புகுந்து இழுத்துச்சென்று அடித்துச் சுட்டுக் கொன்று, பருத்தி அரைவை ஆலையின் கனத்த விசிறிச் சக்கரத்தை முள்கம்பியால் கழுத்தில் கட்டி டல்லஹாட்சி நதியில் எறிந்தார்கள். மூன்று நாட்களுக்குப் பிறகு நதி அந்தச் சடலத்தைத் திருப்பிக் கொடுத்தது. திறக்கக்கூடாதென்ற நிபந்தனையோடு முத்திரையிட்டு அனுப்பப்பட்ட பெட்டியைத் திறந்தேயாகவேண்டுமென்று தாயார் மேமி டில் பிடிவாதம் செய்தாள். பாதத்திலிருந்து தொடங்கி மேலே மேலே பார்த்துக்கொண்டு வந்து தன் பிள்ளைதான் என்று நிச்சயித்தாள். முகத்தைச் செப்பனிட்டு வைக்கலாமென்ற யோசனையை மறுத்து, எப்படி வந்தானோ அப்படியே எல்லோரும் பார்க்கட்டும் என்றாள். ஆயிரமாயிரமாக வந்த ஜனங்கள் சிகாகோவில் ஒரு தேவாலயத்தில் வரிசையில் நின்று பார்த்தார்கள். பார்த்தவர்களில் பலர் மூர்ச்சித்து விழுந்தார்கள். ‘ஜெட்’ என்ற கறுப்பினத்தவர் வாரப்பத்திரிகை செப்டம்பரில் அந்த முகத்தைப் பிரசுரித்தது. இறந்தவரின் முகத்தை ஒழுங்குபடுத்தி, கண்ணை மூடி, துணியால் போர்த்தி வழியனுப்புவது மனித ஜாதி முழுவதற்கும் பொதுவான மரியாதை. அதைத் தன் ஒரே பிள்ளைக்குச் செய்யாமல் விடுவதற்கு ஒரு தாய் எவ்வளவு உறுதி கொள்ளவேண்டியிருந்திருக்கும் என்று நினைக்கையில் அவளிடம் எனக்குத் தோன்றும் பக்தி, அப்படியொரு உறுதியை அவளிடம் வேண்டி நின்ற உலகத்தை நினைக்கையில் வெட்கமாக மாறுகிறது.

காட்டியும் என்ன நேர்ந்தது? சிகாகோவில் எந்தக் காயம் மறுக்கமுடியாத நிரூபணமாக நின்றதோ, அதே காயம் மிஸ்ஸிஸிப்பியின் சம்னர் என்ற சிற்றூர் நியாயஸ்தலத்தில் சந்தேகத்துக்கு ஆதாரமாக்கப்பட்டது. சடலம் அத்தனை சிதைந்திருக்கிறபடியால் அது அந்தப் பையனுடையதுதானென்று எப்படிச் சொல்லமுடியும் என்று எதிர்த்தரப்பு வாதித்தது. அந்த மாவட்டத்து ஷெரீப்பே சாட்சிக்கூண்டில் ஏறி அந்த வாதத்துக்கு அனுசரணையாகப் பேசினார். பையனின் விரலிலிருந்து, போரின்போது ஐரோப்பாவில் இறந்துபோன அவன் தகப்பனின் பெயரெழுத்துகள் பொறித்த வெள்ளி மோதிரம் கழற்றப்பட்டிருந்தது. பெற்றவள் நேரில் வந்து அவன் என் மகன் என்று சொன்னாள். இந்த இரண்டுக்கும் மேலாக மோஸஸ் ரைட் என்ற முதியவர் இருந்தார். பையன் தங்கியிருந்த வீட்டுக்காரர், குத்தகைக்குப் பருத்தி பயிரிட்டுவந்தவர், அறுபதைக் கடந்தவர். அவர் கூண்டில் எழுந்து நின்று கையை நீட்டி, அன்றிரவு தம் வீட்டுக்கு வந்தவர்கள் இன்னார் என்று அந்த வெள்ளையர்களைச் சுட்டிக்காட்டினார். அந்தப் பிரதேசத்தில் கறுப்பர் ஒருவர் அவ்வாறு கைநீட்டுவதன் அர்த்தம் உயிரைப் பணயம் வைப்பது என்பதை அங்கே கூடியிருந்த ஒவ்வொருவரும் அறிவார்கள். ஜனத்தொகையில் கறுப்பரே பெரும்பான்மையாயிருந்தும் வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறாத மாவட்டம் அது. ஜூரிகள் அந்தப் பட்டியலிலிருந்துதான் பொறுக்கப்பட்டார்கள். பன்னிரண்டு வெள்ளை ஆடவர்கள் 67 நிமிஷங்களில் யோசித்து முடித்து, குற்றவாளிகளல்லர் என்று சொல்லிவிட்டார்கள். நான்கு மாதங்களுக்குள், ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரணை கிடையாதென்ற சட்டத்தின் பாதுகாப்பில், அந்த இருவரும் ‘லுக்’ பத்திரிகையிடம் பணம் வாங்கிக்கொண்டு கொலையை ஒப்புக்கொண்டார்கள். மோஸஸ் ரைட் விளைந்த பருத்தியை எடுக்காமல் வயலிலேயே விட்டுவிட்டு வடக்கே சிகாகோவுக்குப் போய்விட்டார்.

அறிவு நமக்கு எவ்வழிகளில் வருகிறது என்று ஆராய்ந்த நம் தருக்க நூலார் பிரத்யட்சம், அனுமானம் என்பவற்றோடு ஆப்தவாக்கியத்தையும் பிரமாணங்களில் ஒன்றாக வைத்தார்கள். எல்லாவற்றையும் ஒருவன் தானே கண்டு தெளிவது இயலாத காரியமாகையால், நம்பத்தகுந்தவன் சொல்லும் சொல்லும் அறிவுக்கு வாசல் என்று அவர்கள் கொண்டார்கள். இந்தப் பாகுபாட்டை அமெரிக்கத் தெற்குப் பகுதியின் சரித்திரத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது, அங்கே நடந்த அக்கிரமத்தின் அடித்தளம் எது என்பது சற்றுத் துலங்குவதாக எனக்குத் தோன்றுகிறது. பஸ்ஸில் தனி ஆசனம், பள்ளியில் தனிக் கட்டிடம், தண்ணீர்க்குழாயில் தனிப் பலகை என்று கண்ணுக்குத் தெரிந்த வேலிகளுக்கெல்லாம் அடியில், ஒரு ஜனசமூகம் முழுவதையும் ஆப்தர்களின் எல்லைக்கு வெளியே நிறுத்திய ஏற்பாடு இருந்தது. அடிமை முறை நிலவிய நாட்களில் தென் மாநிலங்களின் சட்டம் வெள்ளையனுக்கு எதிராகக் கறுப்பன் சாட்சி சொல்வதையே தடுத்திருந்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் சட்டம் மாறிய இடத்திலும் வழக்கம் மாறவில்லை. சம்னரின் ஜூரிகளுக்கு மோஸஸ் ரைட் பொய் சொல்கிறார் என்ற எண்ணம்கூட எழுந்திராது என்று நான் ஐயுறுகிறேன். அவர் சொன்னது மெய்யாயிருந்தாலும் அந்த மெய் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று அவர்கள் நினைத்திருக்கவே அதிக இடமுண்டு. பொய்யனென்று பழிக்கப்படுகிறவனுக்காவது மறுத்துப் பேச ஒரு வழியுண்டு. எதைச் சொன்னாலும் அது கணக்கில் சேராது என்று ஒதுக்கப்பட்டவன் என்ன செய்வான்? தன் உடம்பைத் தவிர அவனிடம் காட்டுவதற்கு வேறு என்ன இருக்கிறது?

படத்தை நம்பலாம் என்று நினைப்பதற்கும் மனம் துணியவில்லை. கறுப்பர்களைக் கும்பலாகக் கூடித் தூக்கிலிட்டவர்களே அந்தக் காட்சியைப் படம் பிடித்து, அஞ்சல் அட்டைகளாக அச்சிட்டு, உறவினர்களுக்கு எழுதி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. 1908-ஆம் ஆண்டில் தபால் விதிகளைத் திருத்தித் தடைசெய்யவேண்டிய அளவுக்கு அது பரவியிருந்தது. இண்டியானா மாநிலத்தின் மேரியன் நகரில் 1930-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் தேதி இரவு தாமஸ் ஷிப், ஏப்ரம் ஸ்மித் என்னும் இரு வாலிபர்கள் சிறையிலிருந்து இழுத்துக் கொண்டுவரப்பட்டுக் கொல்லப்பட்டபோது, உள்ளூர்ப் புகைப்படக்காரர் எடுத்த படத்தின் பிரதிகள் ஆயிரக்கணக்கில் விலைபோயின. மரத்தில் தொங்கும் சடலங்களுக்குக் கீழே கூட்டம் நிற்கிறது. சில முகங்களில் புன்னகை. ஒரு மனிதன் கையை உயர்த்தி மேலே சுட்டிக்காட்டுகிறான். அத்தனை முகங்கள் அத்தனை தெளிவாகத் தெரிந்தும் அந்தக் கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அதே படத்தைப் பார்த்துத் தூக்கமிழந்த ஏபல் மீரோபோல் என்ற நியூயார்க் ஆசிரியர் எழுதிய கவிதைதான் பின்னர் பில்லி ஹாலிடேயின் குரலில் கேட்டவர்களையெல்லாம் நடுங்கச் செய்தது. ஒரே படம் ஒருவனுக்குக் கேளிக்கையின் ஞாபகச் சின்னமாகவும் இன்னொருவனுக்குத் தாளமுடியாத வேதனையாகவும் இருந்ததென்றால், அதில் தர்மமும் அதர்மமும் முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டிருக்கவில்லை. பார்ப்பவன் எதைக் கொண்டுவந்தானோ அதுவே அவனுக்குத் தெரிந்தது. கும்பல்கொலைகளை எதிர்த்து வாழ்நாள் முழுவதும் எழுதிய ஐடா பி. வெல்ஸ் 1890-களிலேயே இந்தச் சிக்கலை உணர்ந்திருந்தாள். தன் சொல்லையும் தன் ஜனங்களின் சொல்லையும் தேசம் ஏற்காதென்று அறிந்து, வெள்ளையர் பத்திரிகைகளே பிரசுரித்த செய்திகளிலிருந்தும் எண்ணிக்கைகளிலிருந்தும் தன் கணக்கைத் திரட்டினாள். அது கூரிய யுக்திதான். ஆனால் மெம்பிஸ் நகரில் தன் நண்பனைக் கும்பலுக்குப் பறிகொடுத்த ஒரு பெண், நடந்ததை நிரூபிக்கக் கும்பலின் பக்கத்துப் பத்திரிகையைத் தேடிப்போக நேர்ந்தது என்ற நினைவு அந்த யுக்தியை மெச்சவிடாமல் என்னைத் தடுக்கிறது.

மேரியன் என்ற பெயரிலேயே அலபாமாவிலும் ஓர் ஊர் இருக்கிறது. 1965-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி இரவு, வாக்குரிமை கேட்டுத் தேவாலயத்திலிருந்து ஊர்வலமாகப் புறப்பட்டவர்கள் மீது மாநிலப் போலீஸார் பாய்ந்தபோது வீதிவிளக்குகள் அணைந்தன; செய்தியாளர்கள் தாக்கப்பட்டார்கள், படக்கருவிகள் உடைக்கப்பட்டும் கண்ணாடியில் சாயம் பூசப்பட்டும் குருடாக்கப்பட்டன. அந்த இருட்டில் ஒரு சிற்றுண்டிச்சாலைக்குள் தன் தாயையும் எண்பத்திரண்டு வயதுப் பாட்டனையும் அடியிலிருந்து காக்கமுயன்ற ஜிம்மி லீ ஜாக்ஸன் என்ற இருபத்தாறு வயது மனிதர் வயிற்றில் சுடப்பட்டு எட்டு நாட்களில் இறந்தார். அந்த மரணத்தின் துயரத்திலிருந்துதான் தலைநகர் மான்ட்கோமரிக்கு நடந்துபோவது என்ற எண்ணமே பிறந்தது; அந்த நடையை மார்ச் 7-ஆம் தேதி செல்மாவின் பாலத்தண்டை பட்டப்பகலில் போலீஸார் அடித்துக் கலைத்ததைத் தேசம் முழுவதும் அன்றிரவு தொலைக்காட்சியில் பார்த்தது; ஐந்தே மாதங்களில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. பகலை உலகம் அறிந்திருக்கிறது. அந்தப் பகலைப் பெற்றெடுத்த இரவை எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்? செல்மா நாட்களிலேயே, தாக்கப்பட்ட குழந்தைகளுக்கு உதவுவதற்காகப் படமெடுப்பதை நிறுத்திய ஃப்ளிப் ஷுல்கே என்ற புகைப்படக்காரரிடம், நீங்கள் படமெடுக்காததால் அந்தக் குழந்தை அடிபட்டதை உலகம் அறியாமலே போய்விட்டது என்னும் பொருள்பட மார்ட்டின் லூதர் கிங் சொன்னாராம். கிங்கின் கருணையை அறிந்தவர்கள் இதைக் கல்நெஞ்சென்று சொல்லமாட்டார்கள். தம் ஜனங்களின் சொல்லுக்கு அந்த நாட்டில் என்ன விலையென்பதை அவர் துல்லியமாக அறிந்திருந்தார் என்பதற்கு மேல் அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. ஆனாலும் விழுந்த குழந்தையைத் தூக்கும் கைக்கு அதைப் படம்பிடிக்கும் கை மேலானதாகிவிட்ட ஓர் ஏற்பாட்டை எண்ணி மனம் கூசாமலும் இருக்கமுடியவில்லை.

கண் கண்டதையே நம்புவோம் என்ற விரதத்துக்கு இன்னொரு கொடுமையும் உண்டு. அது இறந்தவர்களுக்கிடையிலும் தராதரம் வகுத்துவிடுகிறது. பர்மிங்ஹாமின் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் 1963-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி வெடித்த குண்டுக்கு இரையான நான்கு சிறுமிகளின் முகங்களை உலகம் அறியும். அதே நாளில் அதே நகரில் போலீஸாரின் துப்பாக்கிக்குப் பலியான பதினாறு வயது ஜானி ராபின்ஸனையும், அண்ணனுடைய சைக்கிளில் அமர்ந்துபோகையில் சுடப்பட்ட பதின்மூன்று வயது வர்ஜில் வேரையும் எத்தனை பேர் நினைக்கிறார்கள்? மறுவருஷக் கோடையில் மிஸ்ஸிஸிப்பியில் ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற மூன்று இளம் தொண்டர்கள் காணாமற்போனபோது சர்க்கார் கடற்படையினரைக்கூட அனுப்பித் தேடியது. அவர்களில் இருவர் வெள்ளையர். தேடல் நடந்துகொண்டிருந்த நாட்களில் மிஸ்ஸிஸிப்பி நதியின் கிளையொன்றில் வேறு இரண்டு உடல்கள் அகப்பட்டன. ஹென்றி டீ, சார்லஸ் மூர் என்ற பத்தொன்பது வயதுக் கறுப்பு வாலிபர்கள். இவர்கள் தேடப்பட்டவர்களல்லர் என்று தெரிந்ததும் உலகத்தின் கவனம் வேறிடம் போய்விட்டது. அந்தக் கொலைக்கு ஒருவன் தண்டனை பெற 2007-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வாலிபர்களைப் பெற்றவர்களும் தங்கள் பிள்ளைகளைக் காணவில்லையென்று சொல்லத்தானே செய்திருப்பார்கள்?

இத்தனையையும் எண்ணிச் சோர்ந்திருக்கும்போது, சொல் ஒருபோதும் வெல்லவில்லையா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். வென்ற இடங்களும் நினைவுக்கு வருகின்றன. மான்ட்கோமரி பஸ் புறக்கணிப்பு என்றதும் ரோஸா பார்க்ஸ் ஜன்னலோரம் அமர்ந்து வெளியே பார்க்கும் படம்தான் யாருக்கும் தோன்றும். அவள் கைதான கணத்தில் அங்கே படக்கருவி கிடையாது. அந்தப் படம் ஓராண்டுக்குப் பிறகு, வெற்றி கிட்டிய நாளில், பத்திரிகைக்காரர்களுக்காக எடுக்கப்பட்டது. இடைப்பட்ட 381 நாட்கள், வீட்டுவேலை செய்து பிழைத்த பெண்கள் மைல்கணக்காக நடந்ததில் படத்துக்கு ஏற்ற கணம் அதிகமில்லை. கால்வலிக்கு முகம் கிடையாது. ஆனால் பஸ்ஸில் இனப்பிரிவினையை உண்மையில் வீழ்த்தியது 1956-ஆம் ஆண்டில் ஃபெடரல் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு. அதில் வாதிகளாய் நின்றவர்கள் நான்கு கறுப்புப் பெண்கள். அவர்களில் ஒருத்தி, பார்க்ஸுக்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பே ஆசனத்தை விட்டெழ மறுத்துக் கைதான பள்ளிச் சிறுமி கிளாடெட் கால்வின். அவர்கள் தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள், நீதிபதிகள் கேட்டார்கள், தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1964 ஆகஸ்டில், அட்லாண்டிக் நகரத்தில் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின்முன் ஃபானி லூ ஹேமர் அமர்ந்தாள். பதினெட்டு ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்து, வாக்காளராகப் பதிந்துகொள்ளப் போன குற்றத்துக்காக அன்றே வெளியேற்றப்பட்டவள். வினோனா சிறையில் மற்றக் கைதிகளைக்கொண்டே அடிக்கவைக்கப்பட்டு, வாழ்நாள் முழுவதும் தீராத ஊனத்தைச் சுமந்தவள். காட்டுவதற்கு அவளிடம் காயம் இருந்தது; அவள் காட்டவில்லை, பேசினாள். பேச்சு ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கையில் ஜனாதிபதி ஜான்ஸன் அவசரமாகச் செய்தியாளர் கூட்டம் கூட்டிக் கருவிகளைத் தம் பக்கம் திருப்பினார். அன்று மாலை நிலையங்கள் அவள் பேச்சை மீண்டும் ஒளிபரப்பின. வல்லரசொன்றின் தலைவர் ஓர் ஏழைக் குத்தகைக் குடியானவளின் வாய்ச்சொல்லுக்கு அஞ்சினார் என்பதே, அந்தச் சொல்லுக்கு அதன் உரிய விலை கிடைக்கத் தொடங்கிவிட்டது என்பதற்குச் சான்று.

அப்படியானால் அந்தப் போராட்டம் கேட்டது எதை என்ற கேள்விக்கு நான் தயக்கத்தோடு ஒரு பதில் வைத்திருக்கிறேன். வாக்குரிமையென்பது ஒருவனுடைய தீர்மானம் கணக்கில் சேர்வது; ஜூரியில் இடமென்பது ஒருவனுடைய நிதானத்தை மற்றவர் ஏற்பது; சாட்சிக்கூண்டில் சம மதிப்பென்பது ஒருவனுடைய சொல் பிரமாணமாவது. இவை மூன்றும் வெவ்வேறு உரிமைகளாகத் தோன்றினாலும், காயத்தைக் காட்டாமலே நம்பப்படும் உரிமை என்ற ஒன்றின் மூன்று வடிவங்களென்றே எனக்குப் படுகிறது. அது இன்னும் முழுமையாகக் கிட்டவில்லை. 1991-இல் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸார் ராட்னி கிங்கை அடித்த காட்சி ஒளிநாடாவில் உலகமெங்கும் ஓடியது. மறுவருஷம் நீதிமன்றத்தில் அதைச் சட்டகம் சட்டகமாக நிறுத்தி நிறுத்திக் காட்டி, ஒவ்வோர் அடிக்கும் ஒரு காரணம் சொல்லி, அடித்தவர்களை விடுவிக்கச் செய்தார்கள். 2020-இல் மினியாபொலிஸ் நகரில் போலீஸாரின் பிடியில் நேர்ந்த ஜார்ஜ் ஃப்ளாய்டின் மரணத்தை ஏதோ உடல்நலக் கேடென்ற தோரணையில் போலீஸ் இலாகா முதலில் அறிவித்தது. பதினேழு வயது டார்னெல்லா ஃப்ரேஸியர் தன் கைபேசியில் அதைப் பதிந்திராவிட்டால் அந்த அறிவிப்பே சரித்திரமாகியிருக்கும். அந்தப் பெண்ணின் துணிவுக்குப் புலிட்சர் நிறுவனம் சிறப்பு விருதளித்தது நியாயமே. ஆனால் அவளும் அருகே நின்ற மற்றவர்களும் அந்த இடத்திலேயே, அந்த வேளையிலேயே, மனிதன் சாகிறான் என்று கத்திச் சொன்னார்கள், மனிதனும் சொன்னான். சொன்னதைக் கேட்டிருந்தால் படத்துக்கே அவசியம் நேர்ந்திராது. துன்பத்தின் படங்களைப் பார்த்துக் கண்கலங்குவதை நாம் அறமென்று எண்ணிக்கொள்கிறோம். கண்கலங்குவதற்கு முன்பே, ஒருவர் வாய்திறந்து எனக்கு இப்படி நேர்ந்தது என்று சொல்லும் பொழுதில், அவர் யாராயிருந்தாலும் அந்தச் சொல்லை நம் சொந்தச் சொல்லுக்குச் சமமாக நிறுத்தி விசாரிப்பதே அறத்தின் முதற்படி. மேமி டில்லுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதையும் அதுதான்: இனியொரு தாய் தன் பிள்ளையின் சிதைந்த முகத்தைத் திறந்து காட்டவேண்டிய அவசியம் நேராதபடி, அவள் சொல்லும்போதே நம்புவது.